உங்கள் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் காலத்து மாலைப்பொழுது. குற்றால மலைமீது மேகம் இறங்கியிருந்தது. தென்காசித் தெருக்களில் குடையை விரிக்கவும் மனமில்லாமல் மடக்கவும் மனமில்லாமல் மக்கள் நடந்துகொண்டிருந்தனர். அஸர் தொழுகையை முடித்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவின் கடைசி வீட்டு மூதாட்டி முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து, நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை நீட்டினார்.

“ஹஜ்ரத், சட்டசபையிலேருந்து குழு வருதாமே! மனு கொடுத்தா நடக்கும்ங்கிறாங்க. எனக்கு முதியோர் பணம் நின்னுபோய் ஆறு மாசம் ஆவுது. ஒரு மனு எழுதித் தாங்க.”

எங்கள் தெருவில் மனு எழுதும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஓதிக்கொடுப்பவன் என்பதோடு, அரசியல் அறிவியலில் பட்டமும் வாங்கியவன் என்பதால் வந்த பொறுப்பு அது. அறிவிப்பை நிதானமாகப் படித்தேன். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்திற்கு வரவிருக்கிறது. பல ஆண்டுகளாகத் தீராதிருக்கும் பொதுப் பிரச்சினைகள் குறித்துத் தனிநபரோ சங்கமோ நிறுவனமோ மனு அனுப்பலாம். மனு தமிழில் இருக்கவேண்டும், ஐந்து பிரதிகள் வேண்டும், தேதியிட்டுக் கையெழுத்திடவேண்டும். ஒரு மனுவில் ஒரே ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். அதன் கீழே விலக்குகள் வரிசையாக இருந்தன. வழக்கு மன்றத்தில் உள்ளவை, வேலை கேட்பவை, பட்டா கேட்பவை, கடன் கேட்பவை, முதியோர் ஓய்வூதியம் கேட்பவை, தனிநபர் குறைகளைக் கூறுபவை ஆகியன ஏற்கப்படமாட்டா.

அதை அவரிடம் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது. “உம்மா, உங்கள் பணத்துக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்போம். நானே எழுதித் தருகிறேன். இந்தக் குழு ஊர்ப் பொது விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “அப்ப அந்தத் தரைப்பாலத்துக்காவது எழுதுங்க. மழை பெய்ஞ்சா என் பேத்தி பள்ளிக்கூடம் போகமாட்டேங்கறா. தண்ணி இடுப்பு மட்டும் ஓடுது” என்றவர், எழுந்து போகும்போது ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் போனார். “இந்தக் குழு, குழுங்கிறாங்களே, அதுல நம்ம எம்.எல்.ஏ. இருக்காரா?”

வாசகர்களே, எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் படித்து, தேர்தல் தவறாமல் வாக்களித்து, தொலைக்காட்சியில் பேரவைக் காட்சிகளைப் பார்த்து, யார் வெளிநடப்புச் செய்தார், யார் மேசையைத் தட்டினார் என்றெல்லாம் விவரம் சொல்லக்கூடிய எனக்கு, நான் வாக்களித்த தொகுதியின் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குழு என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விளங்கவைக்க நீண்ட தூரம் போகவேண்டியதில்லை. நம் ஜமாஅத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் பொதுக்குழு கூடுகிறது. அனைவரும் பேசுகின்றனர்; சிலர் உரக்கப் பேசுகின்றனர். அங்கே நோன்புக் கஞ்சியின் வரவு செலவை எவராலும் சரிபார்த்துவிட முடியுமா? அரிசி எத்தனை மூட்டை, விறகு எத்தனை எடை, நன்கொடை ரசீது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பனவெல்லாம் கூட்டத்தில் பேசித் தீரும் பொருள்களல்ல. கண்ணாடி போட்ட மூன்று பெரியவர்கள் பக்கத்து அறையில் பாய் விரித்து அமர்ந்து, இரண்டு இரவுகள் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால்தான் விட்டுப்போன ரசீது ஒன்று கண்ணில் படும். அந்த அறைதான் குழு. அந்த மூவரை யார் நியமித்தார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதையும், ஜமாஅத் விவகாரங்களில் அனுபவப்பட்ட நீங்கள் அறிவீர்கள்.

234 உறுப்பினர்களைக் கொண்ட நம் பேரவைக்கும் இப்படிப் பல அறைகள் உண்டு. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு, உரிமைக் குழு, விதிகள் குழு, நூலகக் குழு என்று பட்டியல் நீளும். அவற்றுள் நம் போன்ற சாமானியரின் வாழ்வைத் தொடுபவற்றை மட்டும் இங்கே காண்போம்.

பொதுக் கணக்குக் குழு நடந்து முடிந்த செலவை ஆராய்வது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அரசமைப்புச் சட்டத்தின் 151-ஆவது பிரிவின்படி ஆளுநர் வழியாகப் பேரவையின் முன் வைக்கப்படுகிறது. அது தடித்த புத்தகம். பேரவையில் அதைப் படித்து விவாதிக்க எவருக்கும் நேரமில்லை. இக்குழு அதை எடுத்துவைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களை அழைத்து, இந்தப் பணம் எதற்காக ஒதுக்கப்பட்டது, ஏன் வேறொன்றுக்குப் போனது என்று வினவுகிறது. நம் நாட்டில் இது 1921-ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, மத்தியில் தோன்றிவிட்டது. அப்போது அதற்குத் தலைமை வகித்தவர் அரசின் நிதி உறுப்பினரே. கணக்கு எழுதியவரே கணக்குப் பார்க்கும் தலைவர் என்றால் அதன் அழகை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! குடியரசு மலர்ந்த பிறகுதான் அது நாடாளுமன்றத் தலைவரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 1967-இல் சுதந்திராக் கட்சியின் மினு மஸானி தலைவரானது முதல், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரையே அப்பொறுப்பில் அமர்த்துவது மக்களவையின் மரபாயிற்று. இதைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை, மரபு மட்டுமே. மாநிலத்திலும் இம்மரபு பேசப்படுகிறது. ஆனால் 2021-இல் அமைந்த 16-ஆவது பேரவையில் இக்குழுவின் தலைவராக இருந்தவர் காங்கிரஸின் செல்வப்பெருந்தகை. அவரது கட்சி ஆளும் கட்சியின் கூட்டணியில் இருந்தது. ஆளும் கட்சியல்ல என்பது உண்மை. எதிர்க்கட்சி என்று சொல்லவும் நாக்கு சற்றுத் தயங்குகிறது. கூட்டணி ஆட்சிக் காலத்தில் பழைய மரபுகளுக்குப் புதிய விளக்கங்கள் தேவைப்படுகின்றன போலும்.

அரசு உறுதிமொழிக் குழு எனக்கு மிகவும் பிடித்தமானது. அமைச்சர் ஒருவர் பேரவையில் எழுந்து “ஆவன செய்யப்படும்”, “பரிசீலிக்கப்படும்” என்று கூறி அமர்ந்துவிடுகிறார். நாம் அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல் மறக்கப்படாதிருக்க ஒரு குழு இருக்கிறது. அத்தகைய வாக்குறுதிகளைத் தொகுத்து வைத்து, அவை நிறைவேறினவா என்று பின்தொடர்வதே அதன் பணி. மக்களவையில் இக்குழு 1953 முதல் செயல்பட்டு வருகிறது. வாக்குறுதி தந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது நிறைவேற்றப்படவேண்டும் என்பது அங்குள்ள நியதி. வாக்குறுதிக்கு மார்க்கத்தில் எத்தகைய கனம் உண்டு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மனுக்கள் குழுவைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். குழுக்கள் மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வு செய்வது வழக்கம். நம் மாவட்டத்திற்கு வருவதென்றால் மட்டும் சாரல் மாதமாகப் பார்த்து வருகிறார்கள் என்று தேநீர்க் கடைகளில் கேலி பேசுவோர் உண்டு. ஐந்தருவியில் தண்ணீர் விழும்போது வந்தால் என்ன? தண்ணீர் வரும்போதுதானே எங்கள் தரைப்பாலமும் மூழ்குகிறது!

சரி, இந்த அறைகளுக்குள் அமர்வோரைத் தேர்ந்தெடுப்பது யார்? இங்கேதான் நாம் கவனிக்காமல் விட்டுவிட்ட செய்தி இருக்கிறது.

அரசமைப்புச் சட்டம் இதை விரிவாகச் சொல்லவில்லை. 208-ஆவது பிரிவு, சட்டமன்றம் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அந்த விதிகளின்படி இரண்டு வழிகள் உள்ளன. பொதுக் கணக்கு, மதிப்பீடு, பொது நிறுவனங்கள் ஆகிய நிதிக் குழுக்களுக்கு உறுப்பினர்கள் தமக்குள் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கின்றனர். மனுக்கள் குழு, உறுதிமொழிக் குழு முதலியவற்றுக்குப் பேரவைத் தலைவரே நியமனம் செய்கிறார். தலைவர்களை அமர்த்துவதும் அவரே. அலுவல் ஆய்வுக் குழுவுக்கும் விதிகள் குழுவுக்கும் அவரே தலைவராகவும் இருக்கிறார். 2021-இல் அப்பொறுப்புக்குத் தேர்வு பெற்ற மு. அப்பாவு நமது நெல்லைச் சீமையின் இராதாபுரம் தொகுதியைச் சேர்ந்தவர். தலைவரின் நாற்காலியை அவையை அடக்கும் மணியோசையோடு மட்டும் நாம் தொடர்புபடுத்துகிறோம். அதன் மெய்யான அதிகாரத்தில் பெரும்பகுதி இந்தப் பட்டியல்களில் இடும் கையெழுத்தில் இருக்கிறது.

தேர்தல் என்றதும் வாக்குப்பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இடங்கள் எத்தனையோ அத்தனை வேட்புமனுக்களே தாக்கலாகும்படி கட்சிகள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுகின்றன. பெரும்பாலும் போட்டியின்றியே தேர்வு நிகழ்கிறது. நியமனத்திலும் இதே கதைதான். சட்டமன்றக் கட்சித் தலைவரும் கொறடாவும் தத்தம் கட்சியின் பலத்துக்கேற்பப் பெயர்களைத் தருகின்றனர். அப்பெயர்களே அறிவிப்பாக வெளிவருகின்றன. உறுப்பினரின் விருப்பத்தைக் கேட்பதும் உண்டு. கேட்பது வேறு, கொடுப்பது வேறு. அமைச்சர் பதவி கிடைக்காத மூத்தவரைச் சமாதானப்படுத்த ஒரு குழுவின் தலைமையைக் கொடுப்பது எல்லாக் கட்சிகளுக்கும் கைவந்த கலை. நூலகக் குழுவை யாரும் போட்டி போட்டுக் கேட்பதாகத் தெரியவில்லை. எனக்கென்றால் அது ஒன்றே போதும்!

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மக்களவையில் 543 இடங்கள். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் 22 பேரில் 15 பேர் மக்களவையிலிருந்து, தனி மாற்று வாக்கின் மூலமான விகிதாச்சார முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அனைவரும் வாக்களித்தால், 34 உறுப்பினர்களின் ஆதரவு இருப்பவருக்கு ஓர் இடம் உறுதி. பெரிய கட்சி தன் பலத்தால் எல்லா இடங்களையும் விழுங்கிவிடாமல் இம்முறை தடுக்கிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2024 தேர்தலில் முஸ்லிம் லீகிற்குக் கிடைத்தவை மலப்புரம், பொன்னானி, இராமநாதபுரம் என்ற 3 இடங்கள். 3 எங்கே, 34 எங்கே? சிறிய கட்சியொன்று நிதிக் குழுவுக்குள் நுழையவேண்டுமாயின் கூட்டணியின் தயவு வேண்டும். நம் சமுதாயத்தின் மேடைகளில் தொகுதி எண்ணிக்கை பற்றி அனல் பறக்கப் பேசுவோர், கூட்டணிப் பேச்சுவார்த்தையில் குழு இடங்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினார்களா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

துறைக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்காமல் இடம் ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1969-இல், அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபைக்கு முதன்முதலாகத் தேர்வு பெற்ற கறுப்பினப் பெண்மணி ஷெர்லி சிஷோம். நியூயார்க்கின் புரூக்ளின் நகர்ப்பகுதியிலிருந்து வந்தவர். அவருக்குக் கட்சித் தலைமை கொடுத்தது வேளாண்மைக் குழுவில் இடம். அதிலும் காடுகளைப் பற்றிய துணைக்குழு! வயலையே காணாத தொகுதியின் பிரதிநிதிக்கு வயற்காட்டுப் பணி. புதியவர்கள் வாய் திறப்பதில்லை என்ற வழக்கத்தை மீறி அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். பின்னர் கல்வி, தொழிலாளர் குழுவிலும் இடம்பெற்றார். தன் தொகுதியின் பிள்ளைகளுக்காக அவர் கேட்டுப் பெற்ற இடம் அது. நம் ஊர் உறுப்பினர்களுள் எவரேனும் ‘எனக்கு இந்தக் குழு வேண்டாம், என் மக்களுக்கு அந்தக் குழுவில்தான் வேலை இருக்கிறது’ என்று கேட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? காடும் அருவியும் அணையும் உள்ள தென்காசி மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில். ஐந்திலும் நாம் கேட்டதில்லை. ஆதலால் அவர்களும் கேட்டிருக்கமாட்டார்கள்.

குழுவில் யார் அமர்கிறார் என்பதன் விளைவை நம் சமுதாயம் அண்மையில் கண்கூடாகக் கண்டது. 2024 ஆகஸ்ட் 8 அன்று வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. கடும் எதிர்ப்பு எழவே, அது கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. தலைவர் ஜகதம்பிகா பால். தமிழகத்திலிருந்து தி.மு.க.வின் ஆ. இராசாவும் எம்.எம். அப்துல்லாவும் இடம்பெற்றனர். நான் மேலே சொன்ன 34 பேர் கணக்கு இங்கே பொருந்தாது. இத்தகைய கூட்டுக் குழுவின் உறுப்பினர் பெயர்கள் அவையில் கொண்டுவரப்படும் தீர்மானத்திலேயே இருக்கும். அதனால்தான் தம் கட்சியின் ஒரே மக்களவை உறுப்பினரான அசதுத்தீன் உவைசிக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இருப்பினும், அவையில் எவருக்குப் பெரும்பான்மையோ அவருக்கே குழுவிலும் பெரும்பான்மை அமையும்படியே பட்டியல் தயாராகிறது. 2025 ஜனவரியில் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆளும் தரப்பினர் கொண்டுவந்த 14 ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சியினர் கொண்டுவந்த 44 தள்ளுபடியாயின. 15-க்கு 11 என்ற வாக்கில் அறிக்கை நிறைவேறியது. ஏப்ரலில் இரு அவைகளும் மசோதாவை ஏற்றன. அப்படியானால் குழுவில் அமர்ந்த எதிர்க்கருத்தாளர்களால் என்ன பயன் என்று ஒரு வாசகர் என்னிடம் நேரில் கேட்டார். நியாயமான கேள்விதான். பயன் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. குழு பல நகரங்களுக்குச் சென்று அமைப்புகளின் சாட்சியத்தைக் கேட்டது; சென்னைக்கும் வந்தது. மறுத்தவர்களின் கருத்துகள் மறுப்புக் குறிப்புகளாக எழுத்தில் பதிவாகி அறிக்கையுடன் அவைக்குப் போயின. அவையில் எழும் கூச்சல் மறுநாள் காற்றில் கரைந்துவிடும். குறிப்பில் ஏறியதை நாளை ஒரு வழக்கறிஞரும், ஓர் ஆய்வு மாணவரும், ஏன், நாளைய அமைச்சரும் கூட எடுத்துப் படிக்க முடியும். அதற்காகவாவது அங்கே படித்தவர், சட்டம் அறிந்தவர், கோப்பைப் புரட்டப் பொறுமையுள்ளவர் அமரவேண்டும்.

நாடாளுமன்றத்தில் துறைதோறும் நிலைக்குழுக்கள் 1993 முதல் உள்ளன. முதலில் 17, 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு துறையின் நிதிக் கோரிக்கையையும் அவை முன்னதாகவே ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. நம் தமிழகப் பேரவையில் இத்தகைய துறைவாரிக் குழு முறை இல்லை. மானியக் கோரிக்கைகள் நேரே அவைக்கு வந்து, ஒரு நாளோ அரை நாளோ பேசப்பட்டு, நிறைவேறிவிடுகின்றன. ஆனால் செங்கோட்டையிலிருந்து புறப்பட்டு ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 1980 முதலே பொருட்குழுக்கள் என்ற பெயரில் இம்முறை நடைமுறையில் இருக்கிறது. இன்று அவை 14. ஏறத்தாழ எல்லா உறுப்பினர்களும் ஏதேனும் ஒன்றில் இருக்கிறார்கள். துறை அமைச்சரே குழுவுக்குத் தலைமை தாங்குவது அதன் குறை. இருந்தாலும் பணம் ஒதுக்குமுன் ஓர் அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்களே! 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் மலைக்கு அப்பாலுள்ளோரோடுதான் இருந்தது. தமிழகத்தோடு இணைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அவர்களிடமிருந்து நல்ல வழக்கமொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் குறையொன்றும் வந்துவிடாது.

மூதாட்டியின் தரைப்பாலத்துக்கு வருகிறேன்.

மனுவை எழுத உட்கார்ந்தபோதுதான் ‘ஒரே துறை’ என்ற நிபந்தனையின் சிக்கல் விளங்கியது. ஓடும் நீர் ஒரு துறைக்கு; மேலே போகும் சாலை இன்னொரு துறைக்கு; சாலையில் நடக்கவேண்டிய மாணவி வேறொரு துறைக்கு. யார் மீது எழுதினாலும் அவர் மற்றவரைக் கைகாட்டுவார். இரண்டு இரவுகள் யோசித்துச் சாலையையே பிடித்துக்கொண்டோம். மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடமும், பக்கத்துத் தெருவின் இந்துச் சகோதரர்களிடமும் கையெழுத்து வாங்கினோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே தண்ணீரில்தானே இறங்குகின்றனர்!

மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. குழு வந்த நாளில் மனுதாரர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தனர். நீண்ட மேசையின் ஒருபுறம் உறுப்பினர்கள், எதிரே அதிகாரிகள். வேறு வேறு கட்சிகளைச் சேர்ந்த உறுப்பினர்கள் அருகருகே அமர்ந்து ஒரே கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தது எனக்குப் புதுமையான காட்சி. கட்சித் தாவல் தடைச் சட்டம் அவையில் அளிக்கும் வாக்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. இந்த மேசையில் கொறடாவின் கட்டளை குறுக்கே நிற்பதில்லை. பத்திரிகையாளரும் உள்ளே இல்லை. எவருக்காக நடிக்கவேண்டும்?

எங்கள் மனுவின் முறை வந்தது. பாலம் மூழ்குவது ‘ஓரிரு நாள்களே’ என்று ஓர் அதிகாரி விளக்கமளித்தார். தொலைதூர மாவட்டத்திலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர், “எத்தனை நாள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். அவரிடம் கணக்கு இல்லை. பள்ளித் தலைமையாசிரியை தந்தனுப்பிய வருகைப் பதிவேட்டின் நகல்களை நான் எடுத்து வைத்தேன். சாரல் மாதங்களின் பக்கங்களிலும் ஐப்பசி மழையின் பக்கங்களிலும் ஆற்றுக்கு அக்கரை மாணவியரின் பெயர்களுக்கு நேரே மட்டும் வரிசையாகச் சுழித்திருந்தது. மாணவர்களின் பெயர்களுக்கு நேரே அவ்வளவு இல்லை. பையன்கள் நீந்தியோ சுற்றியோ போய்விடுகின்றனர். பெண் பிள்ளைகளைத் தாய்மார் அனுப்புவதில்லை. அந்த உறுப்பினர் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கமாக வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பாலத்தை உயர்த்துவதற்கு மதிப்பீடு தயாரிக்கவேண்டும் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் மாவட்டத்து உறுப்பினர் எவரும் அம்மேசையில் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தண்ணீரின் ஆழம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வெளியூர்க்காரர் கேட்டதால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு நேராக வந்ததோ என்றும் தோன்றுகிறது. இதில் எனக்கு இன்னும் முடிவு கிட்டவில்லை.

மதிப்பீடு தயாரானதாகக் கடிதம் வந்தது. பின்னர், ‘நிதி நிலைமைக்கேற்ப’ என்று மற்றொரு கடிதம். ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குக் கோப்பு போனது. எந்த மேசையில் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை. இதற்கிடையில் ஆண்டு முடிந்து குழுவும் மாற்றியமைக்கப்பட்டது. பெரும்பாலான குழுக்களின் ஆயுள் ஓராண்டே. சிலர் தொடர்வர், சிலர் மாறுவர். பதிவேட்டைப் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்த அந்த உறுப்பினர் மறு ஆண்டில் எந்தக் குழுவுக்குப் போனார் என்பது எனக்குத் தெரியாது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நொடிப்பொழுதில் வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. மேற்கே மேகம் கறுத்தால் கீழே கால்வாய் எப்போது பொங்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. அந்நாளுக்குப் பிறகு எங்கள் தெருத் தாய்மார் தூறல் விழுந்தாலே பிள்ளைகளை நிறுத்திவிடுகின்றனர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே இம்முறை நாங்கள் வேறு வழியில் புறப்பட்டிருக்கிறோம். ஐந்து தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் தனித்தனியே ஒரு கடிதம் எழுதுகிறோம். ‘தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்? மனுக்கள் குழுவிலோ உறுதிமொழிக் குழுவிலோ இல்லையாயின், அடுத்த முறை குழுக்கள் அமையும்போது அவற்றுள் ஒன்றைக் கேட்டுப் பெறுவீர்களா?’ என்ற இரண்டே வினாக்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் உறுப்பினருக்கு இதை எழுதலாம். ஓர் அஞ்சலட்டையில் இடம் போதும். தேர்தல் நேரத்தில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் வீட்டுப் பெண்களே கேட்கலாம். கேட்கப்படுவோம் என்று தெரிந்தால்தான் அவரும் தம் தலைவரிடம் கேட்பார்.

கூடவே புதிய மனுவும் தயாராகிறது. மூதாட்டிக்கு இப்போது முதியோர் பணம் வருகிறது. திங்கட்கிழமை மனு பலித்தது. அவர் பேத்தி எப்படியோ பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் கடந்து கல்லூரிக்குப் போகிறாள். அவளோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் மூவர் வழியிலேயே நின்றுவிட்டனர். சென்ற வாரம் திண்ணைக்கு வந்து, “ஹஜ்ரத், போன தடவை நீங்க எழுதினதுல எத்தனை நாள் தண்ணி நிக்குதுன்னு மேலேயே போடலையே” என்று குறை சொன்னாள். உண்மைதான். ஐந்து பிரதிகளையும் இம்முறை அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் வரியிலேயே நாள் கணக்கு.